விக்கலில் தொடங்கிய பாரிசவாதம்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதார அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் வைத்தியத்துறைக்குப் போனோம். ஒருத்தி கடல் கடந்து போய்விட்டாள். ஒருத்தி கண்டியில் இருக்கிறாள். ஒருத்தி இந்த மலையிலேயே தங்கிவிட்டாள். இந்த உரையை மூவரும் தொலைபேசியில் பேசிப் பேசித்தான் எழுதினோம். ஆகவே மேடையில் நிற்பது ஒருத்தியானாலும் "நாங்கள்" என்றே பேசுவோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல்லப்போகும் கதையில் ஒரு தவறு இருக்கிறது. அந்தத் தவறு மூவருக்கும் பொது.

விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது "பெண்களும் ஆரோக்கியமும்" என்ற தலைப்பு. அது பெரிய கடல். நாங்கள் ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் மொண்டு வந்திருக்கிறோம்.

எங்களோடு படித்த ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். "சொல்லுங்கடி, பேரை மட்டும் சொல்லாதீங்க" என்று அனுமதி தந்திருக்கிறாள். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்; யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். அப்போது வயது 41. பிரஷர் இல்லை, சீனி இல்லை. நம் கல்லூரிக் கீதத்துக்கு நாலு வருஷம் முதல் குரல் கொடுத்தவள் என்றால் எங்கள் காலத்தவர்களுக்கு விளங்கிவிடும்.

உறவுக்காரர் கல்யாணத்துக்காக ஒரு சலூனில் தலைமுடி கழுவிக்கொண்டாள். அதற்கடுத்த நாளிலிருந்து பிடரியின் இடப்பக்கத்தில் ஒரு வலி. தலையணை சரியில்லை என்று நினைத்தாள், தைலம் தேய்த்தாள். நாலாம் நாள் காலை குளிக்கப் போனாள். நம் ஊர் மார்கழித் தண்ணீர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாளி ஊற்றியபோது இடப்பக்கம் வெடவெடத்தது. வலப்பக்கம் கையிலும் காலிலும் குளிரே தெரியவில்லை. தண்ணீர் படுவது தெரிந்தது. அது குளிர்ந்த தண்ணீர் என்பதுதான் தெரியவில்லை. அதை யோசிக்க நேரமில்லாமல் தலை சுற்றியது, வாந்தி வந்தது. சுவரைப் பிடித்து நடந்தாலும் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல உடம்பு இடப்பக்கமாகவே சாய்ந்தது. பிறகு விக்கல் பிடித்தது. அது நிற்கவில்லை.

வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "ஏய் டொக்டர்மாரே, விக்கல் நிக்கவே மாட்டேங்குது. தலை சுத்துது. தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. என்னடி மாத்திரை போடலாம்?"

பத்து நிமிஷத்துக்குள் மூன்று பேரும் பதில் போட்டோம். ஒருத்தி, கேஸ் என்றாள். ஒருத்தி, காதுத் தலைச்சுற்று என்று மாத்திரைப் பெயர் அனுப்பினாள். மற்றவள், "கல்யாண வீட்டுச் சாப்பாடு வேலையைக் காட்டுது" என்று எழுதிச் சிரிக்கும் பொம்மை ஒன்றும் போட்டாள். ஒருத்தியாவது தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் குரல் கரகரத்திருந்தது கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. அவள் முதலில் போன இடத்தில் வாந்திக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. ஒன்பது மணித்தியாலம் கழித்து அவளுடைய கணவர் எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டார். "எச்சில்கூட முழுங்க முடியலீங்க. இடது கண் இமை தொங்குது" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மறுநாள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சொன்னது: கழுத்தின் இடப்பக்கம் மேலேறும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு இடம் இரத்தமின்றிச் செத்திருந்தது. பாரிசவாதம். கை கால் விழாத பாரிசவாதம்.

மூளைத்தண்டு என்றால் என்ன? நுவரெலியாக் கோலிஃபிளவர் ஒன்றைக் கையில் எடுங்கள். பூ முழுவதும் மூளை என்று வைத்துக்கொண்டால், அடியில் பிடிக்கிறீர்களே, அந்தக் காம்புதான் மூளைத்தண்டு. கிட்டத்தட்டப் பெருவிரல் பருமன். மூளைக்கும் உடம்புக்கும் போகிற வருகிற நரம்பெல்லாம் அதற்குள்ளால்தான் ஓட வேண்டும். கண் அசைவு, முகத்தின் உணர்ச்சி, விழுங்குதல், குரல், சமநிலை, மூச்சு, விழிப்பு எல்லாவற்றுக்கும் அங்கேதான் நிலையம். ஹட்டன் சந்தியில் ஒரு லொறி குறுக்கே நின்றால் எத்தனை ஊர் பஸ் நிற்கும்? அப்படித்தான். பயறளவு இடம் கெட்டாலும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் பல குறிகள் ஒரேயடியாக வரும்.

குளிர் தெரியாத கதையும் இதில்தான் இருக்கிறது. கை கால்களிலிருந்து வலியையும் சூடு குளிரையும் கொண்டுவரும் நரம்புகள் முள்ளந்தண்டிலேயே பக்கம் மாறிவிடுகின்றன. முகத்திலிருந்து வருபவை அந்த இடத்தில் இன்னும் மாறியிருப்பதில்லை. ஆகவே இடப்பக்கம் கெட்டால் முகத்தில் இடப்பாதியும் உடம்பில் வலப்பாதியும் மரத்துப்போகும். சாதாரண மரப்பு இப்படிக் குறுக்காக வராது. முகம் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம் என்று யாராவது சொன்னால் அதைக் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜெனீவா நகரத்து வைத்தியர் காஸ்பார் வியூசோ 1808இல் தமக்கே இந்த நோய் வந்து, தமது உடம்பில் நடந்ததையெல்லாம் விவரித்தார். அது 1811இல் லண்டனில் அச்சேறியது. பிறகு 1895இல் ஜெர்மன் வைத்தியர் அடொல்ஃப் வாலென்பெர்க், 38 வயது நோயாளி ஒருவரைப் பரிசோதித்து, எந்த இரத்தக்குழாய், எந்த இடம் என்று கணித்தார். அந்த நோயாளி இறந்தபின் மூளையைப் பார்த்துத் தமது கணிப்பை 1901இல் உறுதிப்படுத்தினார். இன்றும் அவர் பெயரால்தான் இந்த நோயை அழைக்கிறோம். 38 வயது என்பதைக் கவனியுங்கள். மருத்துவபீடத்தில் நாங்கள் மூவரும் இதைப் படித்தோம், விடைத்தாளில் எழுதினோம், நல்ல புள்ளியும் வாங்கினோம். சொந்தத் தோழி எழுதியபோது மட்டும் அடையாளம் தெரியவில்லை.

ஏன் என்று மூவரும் பல நாள் யோசித்தோம். எங்களுக்குத் தோன்றியது இதுதான்: நம் மலையகத்தில் இந்த நோயின் ஒவ்வொரு குறிக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் தயாராக இருக்கிறது. தலைச்சுற்றா? இரத்தம் குறைவு. அது பெரும்பாலும் உண்மையுங்கூட. வாந்தியா? பித்தம். விக்கலா? கேஸ். பிடரிவலியா? கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நாள் முழுக்கக் கொழுந்து சுமப்பவளுக்குப் பிடரி வலிக்காமல் என்ன செய்யும்? கால் மரத்துப் போச்சா? பனி. குரல் கம்மிப்போச்சா? அதுவும் பனி. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து விளக்கிவிடுகிறோம். எல்லாம் ஒரே காலையில், ஒரே உடம்பில் வந்ததை யாரும் கேட்பதில்லை. அதற்கு மேல் அன்றைய பேர் இருக்கிறது. பாதி வேலையில் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர்தான் என்ற பயத்தில், தலை சுற்றினாலும் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் நிற்கிற பெண்களை நாங்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம்.

ஆண்களுக்கு வேறொரு பெயர் தயாராக இருக்கிறது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு தம்பி. சம்பள நாள் மாலை. நாக்குக் குழறுகிறது, கால் பின்னுகிறது, வாந்தி எடுக்கிறான். "தண்ணி போட்டுட்டான்" என்று லயத்து வாசலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார்கள். அவன் அன்று ஒரு சொட்டும் தொடவில்லை என்பது அவனுடைய அம்மாவுக்கு மட்டும் தெரியும். "வாயை மோந்து பாருங்கய்யா" என்று அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருக்கிறார். விடிந்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். சிறுமூளையும் மூளைத்தண்டும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தன. பிழைத்தான். ஆனால் மலைச்சரிவில் நடக்க முடியாது. தோட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

பாரிசவாதத்தை அறிய மூன்று அடையாளங்களைச் சுவரொட்டிகளில் போடுவார்கள்: முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல். நல்ல அடையாளங்கள். அவற்றை மறந்துவிடச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தோழிக்கு இந்த மூன்றும் தெளிவாக இல்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் செய்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மூன்றை மட்டும் பார்த்தால் பாரிசவாத நோயாளிகளில் 100க்கு 14 பேர் தவறிப்போவதாகக் கண்டார்கள். சமநிலையையும் கண்பார்வையையும் சேர்த்துப் பார்த்தபோது அது 4 ஆகக் குறைந்தது. ஆகவே ஐந்தாக நினைவில் வையுங்கள். திடீரென்று நிற்க முடியாமல் சாய்வதும், திடீரென்று இரண்டு இரண்டாகத் தெரிவதும் அந்தப் பட்டியலில் சேரும்.

காதுக் கோளாறால் வரும் தலைச்சுற்று ஏராளம். மூளையால் வருவது அதில் சிறு பங்குதான். எல்லாத் தலைச்சுற்றுக்கும் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லவில்லை. ஆனால் காதுத் தலைச்சுற்று விழுங்குவதைக் கெடுக்காது, குரலை மாற்றாது, இமையைத் தொங்க விடாது, இரட்டையாகக் காட்டாது, முகத்தை மரக்க வைக்காது. ஒன்றையும் பிடிக்காமல் உட்காரவோ நிற்கவோ முடியவில்லை என்றால் அதைக் காதின் தலையில் போடாதீர்கள். பிடரியில் புதிதாக, இதுவரை அறியாத மாதிரி ஒரு வலி வந்து, சில நாளில் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்க வேண்டாம்.

பிடரிவலிக்கு ஏன் இத்தனை அழுத்தம் தருகிறோம் என்றால், இளவயதுப் பாரிசவாதத்துக்குக் கழுத்து இரத்தக்குழாய்க் கிழிவு முக்கியமான காரணங்களில் ஒன்று. கழுத்தெலும்புத் துளைகளுக்குள்ளால் இரண்டு குழாய்கள் மேலேறி மூளைத்தண்டின் முன்னால் ஒன்றாகின்றன. கழுத்து வெடுக்கென்று திரும்பினால், சில வேளை ஒரு காரணமும் இல்லாமலேயே, உட்சுவர் கிழிந்து அங்கே இரத்தம் உறையும். சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதை இந்தக் காரணத்தால்தான் வேண்டாம் என்கிறோம். பின்னால் தலையைச் சாய்த்து முடி கழுவிய பிறகு பாரிசவாதம் வந்த ஐந்து பெண்களைப் பற்றி அமெரிக்க வைத்தியர் மைக்கல் வைன்ட்ரொப் 1993இல் எழுதினார். மிக அபூர்வமானது, நாளைக்கே யாரும் பார்லருக்குப் போவதை நிறுத்த வேண்டாம். எங்கள் தோழிக்கு அதனால்தான் வந்தது என்று எவராலும் சத்தியம் செய்ய முடியாது. கழுத்துக்கு அடியில் ஒரு துவாயை மடித்து வைக்கச் சொல்லுங்கள், அது போதும்.

மற்றக் காரணங்களில் ஒன்றை மட்டும் நம் ஊருக்காகச் சொல்கிறோம். நெருக்கமான லயக்காம்பராக்களில் வளரும் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வந்து, அதிலிருந்து வாதக்காய்ச்சல் வந்து, இதய வால்வு கெட்டுப்போவதுண்டு. அந்த வால்வில் உண்டாகும் இரத்தக்கட்டி பிறகு மூளைக்குப் போகலாம். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொன்ன பெனிசிலின் ஊசியைப் பிள்ளை வளர்ந்துவிட்டது, கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டது என்று நிறுத்தியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிறுத்துவதை உங்கள் வைத்தியர் சொல்லட்டும். புகை, புகையிலை போட்ட வெற்றிலை, கவனிக்காத பிரஷர் இவற்றைப் பற்றி நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள், கடந்து போகிறோம்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது. நம் மலையில் யார் மயங்கினாலும் முதலில் நடப்பது என்ன? ஒரு கிளாஸ் சூடான பிளேன்டி. அன்பினால் ஊட்டுகிறோம். இந்த நோயில் அது தொண்டையிலிருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். எங்கள் தோழிக்கும் அன்று கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு நிமோனியாவோடு பத்து நாள் போராடினாள். ஆகவே பிளேன்டி வேண்டாம், சோடா வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அஸ்பிரினும் ஸ்கேன் எடுக்கும் வரை வேண்டாம். இரத்தக்கசிவாக இருந்தால் அது கேடு. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் கேட்டு ஒரு துண்டில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி அதுதான்.

பிறகு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது, காசு இல்லை. தோட்டத்து லொறிக்கு யாருடைய அனுமதிக்காகவும் காத்திருந்த காலம் நம் அம்மாமாரோடு போகட்டும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, எது அருகில் என்பதை அம்புலன்ஸில் வருகிறவர்கள் தீர்மானிப்பார்கள். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு றம்பொடை வழியே ஏறக்குறைய 77 கிலோமீற்றர். அந்த வளைவுகளில் எத்தனை நேரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். வீட்டில் தைலம் தேய்க்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது. மூளைத்தண்டின் பிரதான குழாய் அடைபட்டவர்களுக்குக் கட்டியைக் குழாய் வழியாகவே எடுக்கும் சிகிச்சை பலன் தருகிறது என்று சீனாவில் செய்த இரண்டு ஆய்வுகள் 2022இல் காட்டின; ஒன்றில் 12 மணித்தியாலம் வரை, மற்றதில் 24 மணித்தியாலம் வரை. அது எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதில்லை. ஆனாலும் நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சீ.ரி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாக எழுந்து வராதீர்கள். இரத்தக்கசிவைக் காட்டுவதில் அது கெட்டி. மூளைத்தண்டில் புதிதாக வந்த அடைப்பைக் காட்டுவதில் மந்தம். எம்.ஆர்.ஐ.கூட முதல் இரண்டு நாளில் சில வேளை ஏமாற்றும். ஓயாத தலைச்சுற்றோடு வருபவரின் கண் அசைவை மூன்று விதமாகப் பார்க்கும் சிறு பரிசோதனை, பயிற்சி பெற்றவர் செய்தால், ஆரம்ப எம்.ஆர்.ஐ.யைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த மண்டபத்தில் தாதியராகவும் தோட்ட வைத்திய உதவியாளராகவும் இருக்கும் தங்கைமாருக்காக இதைச் சொல்கிறோம். பெரிய இயந்திரம் இல்லாத இடத்திலும் நோயாளியின் கண் இருக்கிறது. "விழுங்க முடிகிறதா, எங்கே ஒரு சொல் பேசு, எழுந்து நில்" என்று கேட்க ஒரு செலவும் இல்லை. ஒரு பனிக்கட்டியோ குளிர்ந்த கரண்டியோ இரு கையிலும் வைத்துப் பார்க்கலாம்.

மிக மோசமான நிலையையும் சொல்லாமல் விடக்கூடாது. பிரதான குழாய் முற்றாக அடைபட்டால் கை, கால், முகம், நாக்கு எதுவும் அசையாமல் போகலாம். அறிவு மட்டும் முழுதாக விழித்திருக்கும். பிரான்சில் ஒரு பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜோன் டொமினிக் போபிக்கு 1995 டிசம்பரில், 43 வயதில் அப்படி வந்தது. இடது கண்ணிமையை மட்டும் அசைத்து, எழுத்து எழுத்தாகச் சொல்லி ஒரு முழுப் புத்தகத்தை எழுதுவித்தார்; அது 1997இல் வெளிவந்த சில நாளில் காலமானார். நினைவில்லை என்று நினைத்துக் கட்டிலைச் சுற்றி நின்று சொத்து, செலவு, ஈமச்சடங்கு பேசுகிற நம் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணை மேலும் கீழும் அசைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

எங்கள் தோழிக்கு வருவோம். மூன்று மாதம் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. விக்கல் பதினோராம் நாள் நின்றது. இப்போது சோறு சாப்பிடுகிறாள், படிப்பிக்கிறாள். ஒருமுறை அடுப்பங்கரையில் வலது கை சுட்டுக் கொப்புளித்ததை மகன் பார்த்துச் சொன்ன பிறகுதான் அறிந்தாள்; அதிலிருந்து சுடுதண்ணீரை இடது கையால்தான் தொட்டுப் பார்க்கிறாள். குரல் முழுதாகத் திரும்பவில்லை. இன்று காலை கல்லூரிக் கீதம் பாடியபோது அவள் வாயசைத்துக்கொண்டு நின்றதை நாங்கள் மூவரும், ஒருத்தி தொலைபேசித் திரையிலாக, பார்த்தோம். "நீங்க பத்து நிமிஷத்துல மூணு மாத்திரை எழுதினீங்க, ஒருத்தியாச்சும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அந்தக் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் என்ன நோய் என்று எழுதினாலும் எழுத்தில் மருந்து சொல்வதில்லை. கூப்பிடுகிறோம். குரலைக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிறார்கள். பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பிற்பகல் மூன்று மணி வரை பிரஷர் பார்ப்போம்; வாதக்காய்ச்சல் ஊசி அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வாருங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை பஸ்ஸுக்குப் போகிறவர்களை முதலில் பார்க்கிறோம்.